காசு கொடுத்தா முன்னாடி போகலாம்: தீம் பார்க் வரிசை இனி என்னாகும்?

வரிசைப்பித்தன்

1999ல டிஸ்னி ஃபாஸ்ட்பாஸ் கொண்டு வந்தப்ப அது இலவசம். ரைடு வாசல்ல ஒரு மெஷின் இருக்கும். நுழைவுச்சீட்டைச் செருகினா ஒரு துண்டுச்சீட்டு வரும், இந்த நேரத்துலேர்ந்து இந்த நேரத்துக்குள்ள வான்னு. அதுவரைக்கும் எங்க வேணா சுத்தலாம். 2014ல ஃப்ளோரிடா ஆர்லாண்டோவில இருக்கிற டிஸ்னி வேர்ல்டுல இது கைப்பட்டை, ஆப்னு மாறி ஃபாஸ்ட்பாஸ் பிளஸ் ஆச்சு. டிஸ்னி ஹோட்டல்ல தங்கறவங்க 60 நாள் முன்னாடி, மத்தவங்க 30 நாள் முன்னாடி மூணு ரைடு பதிவு பண்ணலாம். அப்பவும் காசு கிடையாது.

2020 மார்ச்சுல கொரோனாவுக்காக மூடினாங்க. திறந்தப்ப ஃபாஸ்ட்பாஸ் திரும்பி வரவே இல்ல. 2021 அக்டோபர்ல ஜீனி பிளஸ்னு கட்டணப் பாஸ் வந்துச்சு, தலைக்கு ஒரு நாளைக்கு 15 டாலர். அடுத்த வருஷமே தேதிக்குத் தேதி விலை மாற ஆரம்பிச்சது, கூட்ட நாள்ல அங்க மேஜிக் கிங்டம் பார்க்ல 39 டாலர் வரைக்கும் போச்சு. 2024 ஜூலையில பேரை மாத்தி லைட்னிங் லேன் மல்டி பாஸ்னாங்க. ரொம்பக் கிராக்கியான ரைடுகளுக்கு அதுலயும் இடமில்ல, சிங்கிள் பாஸ்னு தனியா வாங்கணும். அதே வருஷம் அக்டோபர்ல பிரீமியர் பாஸ் வந்துச்சு. நேரமெல்லாம் குறிச்சுக்க வேண்டாம், நினைச்சப்ப ரைடுக்கு ஒரு தடவை போய்க்கலாம். கலிஃபோர்னியாவுல தொடக்க விலை 400 டாலர், ஆர்லாண்டோவில தொடக்கத்துல பார்க்கையும் தேதியையும் பொறுத்து 129லேர்ந்து 449 வரை இருந்துச்சு. நுழைவுச்சீட்டு இதுல சேராது!

நாலு பேர் குடும்பம் ஒரே நாள்ல வரிசையைத் தாண்ட மட்டும் 1,500 டாலருக்கு மேல கொடுக்கக்கூடிய நிலைக்கு வந்தாச்சு. இது எங்க போய் நிக்கும்? இன்னும் பத்து வருஷத்துல பெரிய ரைடுகளுக்குச் சாதா வரிசையே இருக்காதுன்னு எனக்குத் தோணுது. உங்க கணிப்பைச் சொல்லுங்க. "பணம் இருக்கிறவன் போறான், உனக்கென்ன" மட்டும் வேண்டாம், அதைப் போன இழையிலயே நிறையப் பேசியாச்சு.

---

டாம்பா அத்தை

எங்க வீட்டுலேர்ந்து ஆர்லாண்டோ ஒண்ணரை மணி நேரம். ஊர்லேர்ந்து யார் வந்தாலும் வழிகாட்டி நான்தான். அதனால சொல்றேன், இலவசமா இருந்த காலத்தைப் பொற்காலம்னு பேசாதீங்க. 60 நாள் முன்னாடி உக்காந்து பதிவு பண்ணத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அது பொற்காலம். விடுமுறைக்கு அவசரமா டிக்கெட் போட்டு வர்ற நம்ம ஆளுங்களுக்கு நல்ல ரைடு எதுவும் மிஞ்சியிருக்காது. ஏழு குள்ளர் மைன் டிரெய்ன் மாதிரி ரைடுக்கு அப்பவும் கிடைக்காது.

அப்ப விலை நேரமா இருந்துச்சு, இப்ப டாலரா இருக்கு. வேலைக்குப் போற அம்மாவுக்கு எது சுலபம்னு நீங்களே யோசிங்க.

இப்பவும் முன்பதிவு தொல்லை ஒழியல. டிஸ்னி ஹோட்டல்ல தங்கினா 7 நாள் முன்னாடி, இல்லன்னா 3 நாள் முன்னாடி காலை 7 மணிக்கு ஆப்பைத் திறக்கணும். காசும் கொடுக்கணும், அலாரமும் வைக்கணும். எனக்கு எரிச்சல் அதுலதான், விலையில இல்ல.

---

கணக்குப்பிள்ளை

வேலையே வரிசைக் கணக்குதான் (ஆஸ்பத்திரி ஓபிக்கு, ரைடுக்கு இல்ல). பாஸ் பத்திப் பேசும்போது எல்லாரும் கோட்டை விடுற விஷயம் ஒண்ணு இருக்கு: பாஸ் ஒரு சீட்டைக்கூடப் புதுசா உருவாக்காது.

உதாரணத்துக்கு ஒரு ரைடு மணிக்கு 1,200 பேரை ஏத்துதுன்னு வைங்க. உள்ள போனா ஓரிடத்துல ரெண்டு வரிசையும் சேரும், ஒரு ஊழியர் நிப்பார். இந்தப் பக்கம் இத்தனை பேர், அந்தப் பக்கம் இத்தனை பேர்னு விடுறது அவர் வேலை. பாஸ்காரங்களுக்கு நாலுல மூணு பங்குன்னா மணிக்கு 900 சீட்டு அங்க போயிடும், சாதா வரிசைக்கு 300. உங்களுக்கு முன்னாடி 450 பேர் நின்னா ஒண்ணரை மணி நேரம். பாஸே இல்லாம அதே 450 பேருக்குப் பின்னாடி நின்னிருந்தா 23 நிமிஷம்கூட ஆகாது.

உடனே "பாஸ் இல்லன்னா அந்த 900 பேரும் இதே வரிசையிலதானே நிப்பாங்க"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பாதிப் பேர் நிப்பாங்க, மீதிப் பேர் வரிசை நீளத்தைப் பார்த்துட்டு வேற பக்கம் போவாங்க. வேடிக்கை என்னன்னா, பாஸ் வச்சிருக்கிற ஆள் தன் நேரம் வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்க மாட்டான். பக்கத்துல இருக்கிற ரைடுல சாதா வரிசையில போய் நிப்பான். அதாவது ஒரே ஆள் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல காத்திருக்கான், ஒண்ணு உடம்போட, இன்னொண்ணு ஃபோன்ல. பார்க் முழுக்க இப்படி ஆனா மொத்த வரிசை நீளம் கூடத்தானே செய்யும்?

அதனாலதான் பைரேட்ஸ், ஹான்டட் மேன்ஷன் மாதிரி ஓயாம ஆளை ஏத்திக்கிட்டே இருக்கிற ரைடுகள்ல பாஸ் போட்டா எனக்குக் கோபம் வருது. அங்க அது தேவையே இல்ல. அந்த ரைடுகள் கூட்டத்தைத் தானா உறிஞ்சிக்கும். பாஸ் வரிசைன்னு ஒண்ணு வச்சவுடனே சாதா வரிசை நின்னு நின்னு நகர ஆரம்பிச்சிடும்.

ரைடு பழுதானா இன்னும் மோசம். ஒரு மணி நேரம் நின்னு திரும்ப ஓட ஆரம்பிச்சா, அந்த ஒரு மணி நேரத்துப் பாஸ்காரங்களும் சேர்ந்து வந்துடுவாங்க. சேருமிடத்துல நிக்கிற ஊழியர் அவங்களை விட்டுக்கிட்டே இருப்பார். சாதா வரிசையில இருக்கிறவங்களுக்கு ரைடு இன்னும் திறக்கலையோன்னுகூடத் தோணும்.

---

கோஸ்டர்_குட்டி

2020 ஜூலையில திறந்ததுலேர்ந்து 2021 அக்டோபர் வரைக்கும் டிஸ்னி வேர்ல்டுல பாஸே இல்ல. இடைவெளி விட்டு நிக்கணும்கிறதால வரிசை வெளிய தெரு வரைக்கும் வந்துடும், பார்த்தாலே பயமா இருக்கும். ஆனா நடந்துகிட்டே இருப்போம், நிக்கவே மாட்டோம்.

---

கணக்குப்பிள்ளை

@கோஸ்டர்_குட்டி ஆமா, ஆனா அப்ப உள்ள விட்ட கூட்டமே குறைவு. அதையும் கணக்குல எடுத்துக்கணும். முழுப் பெருமையையும் பாஸ் இல்லாததுக்குக் கொடுக்க முடியாது. நகர்ந்துகிட்டே இருந்தது மட்டும் அதனாலதான்.

---

ஓஎம்ஆர்_வாசி

இதெல்லாம் நமக்குப் புதுசா என்ன? திருப்பதியில சர்வ தரிசனம் இலவசம், 300 ரூபா சிறப்பு நுழைவு தனி, ஸ்ரீவாணி டிரஸ்டுக்குப் 10,000 ரூபா நன்கொடை கொடுத்தா பிரேக் தரிசனம். மல்டி பாஸ், சிங்கிள் பாஸ், பிரீமியர் பாஸ் எல்லாம் பெருமாள் எப்பவோ போட்டுட்டார். டிஸ்னிக்காரன் இப்பத்தான் மலையேறுறான்.

ஒரு வித்தியாசம் இருக்கு. அங்க சர்வ தரிசனத்துல கூண்டுல உக்கார வச்சாலும் சோறு போடுவாங்க, குழந்தைக்குப் பால் கொடுப்பாங்க. ஃப்ளோரிடா வெயில்ல நிக்கிறவனுக்குத் தண்ணி பாட்டிலே காசு.

---

டாம்பா அத்தை

@ஓஎம்ஆர்_வாசி அவசரப்படாதீங்க. சாப்பாட்டுக் கவுண்டர் எதுல கேட்டாலும் ஒரு கப் ஐஸ் தண்ணி இலவசமா கொடுப்பாங்க. பாட்டில் வாங்கத் தேவையில்ல. ஊர்லேர்ந்து வர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்றதே இதைத்தான்.

---

மட்டுறுத்துநர்

திருப்பதி ஒப்பீடு சுவையானதுதான். ஆனா அதுக்குக் கீழ வந்த பதினேழு பதில்ல ஒண்ணுலகூட ரைடு இல்ல, எல்லாம் லட்டு. அதைத் தனி இழைக்கு மாத்தியாச்சு. இங்க தீம் பார்க் மட்டும்.

---

பாரிஸ்_தம்பி

நான் இஞ்ச பிரான்ஸில இருக்கிறன். டிஸ்னிலேண்ட் பாரிஸில 2021இல இலவசப் பாஸை எடுத்துப்போட்டு, ஒவ்வொரு ரைடுக்கும் தனித்தனியாக் காசு வாங்கத் தொடங்கிட்டினம். பிரீமியர் அக்சஸ் எண்டு பேர். நாளுக்கு நாள் விலை மாறும். எல்லாத்துக்கும் சேத்து ஒண்டும் விக்கினம், அதின்ர விலையைப் பாத்தா அண்டைக்கு வீட்டிலயே இருந்துடலாம் போல கிடக்கும்.

எனக்கு ஒரு ரைடுக்கு ஒரு விலை எண்ட முறைதான் நேர்மையாப் படுது. எங்கட பெடியளுக்கு பிக் தண்டர் மவுண்டன்தான் வேணும், மற்றதைப் பற்றிக் கவலை இல்லை. ஒண்டுக்கு மட்டும் காசைக் கட்டிப்போட்டு மிச்ச நாளை ஆறுதலாச் சுத்தலாம். ஆர்லாண்டோவில எண்டால் வேண்டாததுகளையும் சேத்து மூட்டையாத்தானே கட்டித் தருகினம்.

அதோட ஜெர்மனியில யூரோப்பா பார்க்கைப் பாருங்கோ. அங்க ஆப்பில மெய்நிகர் வரிசை இருக்கு, காசு இல்லை. நேரம் வந்ததும் போய் ஏறலாம். காசு வாங்காமலும் இதைச் செய்யலாம் எண்டதுக்கு அது சாட்சி. சின்னப் பார்க்கும் இல்லை அது.

---

வரிசைப்பித்தன்

யூரோப்பா பார்க்கை நடத்துறது ஒரு குடும்பம். ஒவ்வொரு காலாண்டும் பங்குச்சந்தைக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்ல. நீங்க சொல்ற வித்தியாசத்துக்குக் காரணம் அங்கதான் இருக்குன்னு நினைக்கிறேன்.

---

சிங்கை வாசகன்

ஆசியாவில் நிலைமை இன்னும் கலவையாக இருக்கிறது. டோக்கியோ டிஸ்னி 2022 மே மாதம் கட்டண பிரீமியர் அக்சஸைத் தொடங்கியது. ஆனால் அடுத்த ஆண்டே, 40ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, சில ரைடுகளுக்கு இலவசப் பிரையாரிட்டி பாஸையும் கொண்டுவந்தார்கள். கிராக்கியான ரைடுக்குப் பணம், அடுத்த தரத்து ரைடுகளுக்கு இலவசம் என்று இரண்டும் ஒரே ஆப்பில். என்னைக் கேட்டால் எதிர்காலத்துக்கு இதுவே பரவாயில்லாத வழி. பணம் கொடுக்காதவருக்கும் ஏதோ ஒன்று கையில் கிடைக்கிறது, அவர் வெறுங்கையோடு நிற்பதில்லை.

இங்கே சிங்கப்பூரின் செந்தோசா தீவில், யுனிவர்சல் பார்க்கின் கட்டணப் பாஸான எக்ஸ்பிரஸ் பள்ளி விடுமுறை நாட்களில் விற்றுத் தீர்ந்துவிடும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. தீர்ந்துபோனால்தான் அதற்கு மதிப்பு. வரம்பில்லாமல் விற்றால் கணக்குப்பிள்ளை சொன்ன 900 பேர் 1,100 ஆகிவிடுவார்கள்.

---

கணக்குப்பிள்ளை

@சிங்கை வாசகன் சரியாப் பிடிச்சீங்க. என்னைப் பொறுத்தவரை விவாதமே இங்கதான் இருக்கணும். எத்தனை டாலர்ங்கிறது ரெண்டாவது கேள்வி. மணிக்கு எத்தனை சீட்டைப் பாஸ்காரனுக்கு ஒதுக்குறாங்கங்கிறதுதான் முதல் கேள்வி, அதை எந்தப் பார்க்கும் வாசல்ல எழுதிப் போடறதில்ல. காத்திருப்பு நேரம் 75 நிமிஷம்னு பலகை போடறாங்க, அந்த 75 ஏன் 75னு போடறதில்ல.

விலை ஏறினா நல்லதுதான்னுகூட நான் சொல்வேன், கல்லெறியாதீங்க. 30 டாலர் பாஸைப் பத்தாயிரம் பேர் வாங்கறதைவிட, 400 டாலர் பாஸைக் கொஞ்சப் பேர் வாங்கினா சாதா வரிசைக்குப் பாதிப்பு கம்மி. பிரீமியர் பாஸ் மட்டும் இருந்து மல்டி பாஸ் இல்லாம இருந்தா சாதா வரிசை நல்லா நகரும். இப்ப இருக்கிறது ரெண்டும் கெட்டான்: மேல பிரீமியர், நடுவுல மல்டி பாஸ் கூட்டம், அடியில நாம.

---

கோஸ்டர்_குட்டி

ஏழைக்காகப் பணக்காரப் பாஸ். சூப்பர் சார். 😂

---

கணக்குப்பிள்ளை

சிரிங்க. கணக்கு அப்படித்தான் வருது.

---

நீலாங்கரை நீலா

மெய்நிகர் வரிசை பத்தி யாரும் விரிவாப் பேசலையே? எல்லாரும் ஒரே மாதிரி ஃபோன்ல பதிஞ்சுட்டு, கூப்பிட்டா போறது. அதுதானே நியாயமான எதிர்காலம்?

---

கோஸ்டர்_குட்டி

@நீலாங்கரை நீலா பண்ணிப் பார்த்துட்டாங்க. டிஸ்னி வேர்ல்டுல ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் ரைடு 2019 டிசம்பர்ல திறந்தப்ப வரிசைக்குப் பதிலா ஏறும் குழு எண்தான், அந்த எண்ணைக் கூப்பிட்டா போய் ஏறணும். பின்னாடி காலை 7 மணிக்கு ஃபோன்ல பதியணும்னு ஆச்சு. சில நொடியில காலி. விரல் வேகம் இல்லாதவன் ரைடையே பார்க்காம வீட்டுக்குப் போனான். சாதா வரிசைன்னா மூணு மணி நேரம் நின்னாவது ஏறிடலாம். இதுல நிக்கத் தயாரா இருந்தாலும் முடியாது.

அப்புறம் 2022ல கார்டியன்ஸ், 2023ல டிரான், 2024ல டியானான்னு புதுசா திறந்த ரைடெல்லாம் அப்படித்தான் ஆரம்பிச்சது. கூட்டம் தணிஞ்சதும் ஒவ்வொண்ணா சாதா வரிசை, கட்டணப் பாஸ்னு மாத்திட்டாங்க. இப்ப மெய்நிகர் வரிசைங்கிறது திறப்பு விழாக் கூட்டத்தைச் சமாளிக்கிற ஏற்பாடு, அவ்வளவுதான்.

யுனிவர்சல் 2017ல வால்கேனோ பேன்னு தண்ணிப் பார்க் திறந்தப்ப வரிசையே இல்லாத பார்க்குன்னு விளம்பரம். கையில டாபுடாபுன்னு ஒரு பட்டை. அப்ப சறுக்குக்குப் போய்த் தட்டினா நேரம் சொல்லும், ஒரு நேரத்துல ஒரு சறுக்குக்குத்தான் பதியலாம். கூட்ட நாள்ல அந்த நேரமே மணிக்கணக்குல வரும்.

---

கணக்குப்பிள்ளை

நீலா, வரிசைங்கிறது ஆட்களை வைக்கிற கிடங்கும்கூட. 800 பேர் வளைஞ்சு வளைஞ்சு ஒரு கட்டடத்துக்குள்ள நிக்கிறாங்க. எல்லாரையும் வெளிய விட்டா எங்க போவாங்க? நடைபாதை, கடை, சாப்பாட்டுக் கவுண்டர், கழிப்பறை. அங்கெல்லாம் வேற வரிசை உண்டாகும். கடைக்குப் போய்ச் செலவு பண்ணுவாங்கங்கிறது பார்க்குக்கு ஆசைதான், ஃபாஸ்ட்பாஸ் வந்தப்பவே அந்த ஆசை இருந்துச்சு. ஆனா தெருவுக்கு ஒரு கொள்ளளவு இருக்கு. முழு பார்க்கையும் மெய்நிகர் வரிசைக்கு மாத்தணும்னா உள்ள விடற ஆளையே குறைக்கணும், இல்லன்னா உக்காரவும் பார்க்கவும் நிறைய இடம் கட்டணும்.

---

ஆரவ்_அம்மா

பேச்சு விலையிலயே சுத்துது. என் பையனுக்கு ஆட்டிசம். வரிசைங்கிறது எங்களுக்குச் சலிப்பு விஷயம் இல்ல. முன்னும் பின்னும் ஆள் நெருக்கி நிக்க, மேல ஸ்பீக்கர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட, இருபதாவது நிமிஷம் அவன் காதைப் பொத்திக்கிட்டு தரையில உக்காந்துடுவான். வெளிய வரணும்னா நூறு பேரைத் தள்ளிக்கிட்டு வரணும்.

டிஸ்னியில இதுக்கு டாஸ்னு ஒரு வசதி இருக்கு. வரிசைக்கு வெளிய காத்திருந்து, அதே அளவு நேரம் கழிச்சுப் போகலாம். 2024ல விதியை இறுக்கினாங்க. ஆட்டிசம் மாதிரி வளர்ச்சிக் குறைபாடு உள்ளவங்களுக்குன்னு சுருக்கி, வீடியோ அழைப்புல பேசித்தான் கொடுக்கறாங்க. எங்களுக்குப் பரவாயில்ல. ஆனா உடம்புல வேற நோய் உள்ள பலருக்கு இப்ப கிடைக்கிறதில்ல.

ஏன் இறுக்கினாங்கன்னு யோசிங்க. ஏமாத்தினவங்க இருந்தாங்க, மறுக்கல. ஆனா இலவசப் பாஸ் போனதும், காசு கொடுக்க மனசில்லாதவங்களுக்கு ஏமாத்த ஒரு காரணம் கிடைச்சது. ஒரு கதவுக்கு விலை வச்சா பக்கத்துக் கதவுல கூட்டம் கூடும். அடிபட்டது எங்கள மாதிரி ஆளுங்க.

---

டாம்பா அத்தை

@ஆரவ்_அம்மா நீங்க சொல்றது முழுக்க உண்மை. எங்க உறவுல ஒரு பெரியவருக்குச் சிறுநீரகப் பிரச்சினை, வரிசையில ரொம்ப நேரம் நிக்க முடியாது. ஒரு பார்க்ல (பேர் வேண்டாம்) அட்டை தரமாட்டோம்னாங்க. நடுவுல போயிட்டு வந்து வரிசையில சேர்ந்துக்கலாம்னு ஊழியர் சொன்னார். குறுகின வரிசையில நாப்பது பேரைத் தாண்டி, எல்லார் முறைப்பையும் வாங்கிக்கிட்டு அந்த மனுஷன் எப்படித் திரும்பி வருவார்? பேசாம பெஞ்சுலயே உக்காந்துட்டார்.

---

வரிசைப்பித்தன்

என் முதல் கேள்விக்கு வர்றேன். அடுத்து நான் எதிர்பார்க்கிறது இது: பாஸைத் தனியா விக்கிறது குறையும், அறை வாடகைக்குள்ள அது போயிடும். யுனிவர்சல் ஆர்லாண்டோ ரொம்ப நாளா இதைத்தான் பண்ணுது. போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் மூணு ஹோட்டல்ல தங்கினா அறையில இருக்கிற எல்லாருக்கும் பழைய ரெண்டு பார்க்குலயும் அன்லிமிடெட் எக்ஸ்பிரஸ். 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் பார்க் மட்டும் இதுல சேராது, அங்க எக்ஸ்பிரஸ் வேணும்னா காசு.

எபிக்ல முகத்தைப் பார்த்தே எக்ஸ்பிரஸ் வாசலைத் திறக்கிற முறையும் வந்தாச்சு. சீட்டு இல்ல, பட்டை இல்ல. யார் எந்த ரைடுக்கு எத்தனை மணிக்கு வந்தாங்கன்னு பார்க்குக்குத் தெரியும். தேதிக்கு ஒரு விலை இருக்கிறது, ஆளுக்கு ஒரு விலையா மாற எவ்வளவு தூரம்?

---

பாரிஸ்_தம்பி

ஆளுக்கொரு விலை எண்டு வந்தால் ஐரோப்பாவில வழக்குப் போடுவினம். விலை உங்களுக்கெண்டு கணினி கணிச்சது எண்டால் அதைச் சொல்லவேணும் எண்டு இஞ்ச சட்டம் கிடக்கு. அமெரிக்காவில என்ன நடக்கும் எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்.

---

கணக்குப்பிள்ளை

முகம் பார்க்கிற கேமரா வருதோ இல்லையோ, எனக்கு வேண்டியது ஒண்ணுதான். ரைடு வாசல்ல ரெண்டு எண் போடட்டும்: இந்த மணி நேரத்துல பாஸ் வழியா இத்தனை பேர், சாதா வழியா இத்தனை பேர். சேருமிடத்துல எண்ணத்தான் செய்யறாங்க, அதை வெளிய காட்டறதுக்கு என்ன? காட்டினா எந்தப் பார்க்கும் நாலுல மூணு பங்கைப் பாஸுக்குக் கொடுக்கத் தயங்கும்.

---

வரிசைப்பித்தன்

காட்டவே மாட்டாங்க.

---

நீலாங்கரை நீலா

தத்துவமெல்லாம் இருக்கட்டும், எனக்கு ஒரு நடைமுறைச் சந்தேகம். நாங்க ரெண்டு பேர், மூணு வயசுப் பொண்ணு, மாமியார். மாமியார் கோஸ்டர் பக்கமே வரமாட்டாங்க. யுனிவர்சல் ஆர்லாண்டோ, ரெண்டு நாள், எபிக் வேண்டாம். எக்ஸ்பிரஸ் வாங்கணுமா?

---

டாம்பா அத்தை

@நீலாங்கரை நீலா தனியா வாங்காதீங்கம்மா. கூட்ட நாள்ல எக்ஸ்பிரஸ் நுழைவுச்சீட்டு விலையையே தாண்டிடும். அந்த மூணு ஹோட்டல்ல ஒரே ஒரு ராத்திரி தங்குங்க. உள்ள வர்ற நாள், காலி பண்ற நாள் ரெண்டுக்கும் எக்ஸ்பிரஸ் செல்லும். அறை சாயந்திரம்தான் கிடைக்கும், ஆனா காலையிலயே போய்ப் பதிஞ்சு பாஸை வாங்கிட்டு பார்க்குக்குப் போயிடலாம், பெட்டியை அவங்க வச்சுப்பாங்க. அறை வாடகையையும் நாலு எக்ஸ்பிரஸ் விலையையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. செப்டம்பர்ல கூட்டமில்லாத வாரநாள்னா ரெண்டுமே வேண்டாம், திறக்கிறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னாலே போதும்.

---

சிங்கை வாசகன்

கூடவே சைல்டு ஸ்வாப்பை மறந்துவிடாதீர்கள். செந்தோசாவிலும் உண்டு. வரிசை வாசலிலேயே ஊழியரிடம் சொல்லிவிடுங்கள். எல்லோரும் ஒன்றாக உள்ளே போகலாம், ஏறுமிடத்தில் ஒரு அறை இருக்கும். ஒருவர் ஏறும்போது மற்றவர் குழந்தையோடு அங்கே உட்காரலாம், அவர் திரும்பியதும் இவர் ஏறலாம், மறுபடி வரிசை கிடையாது. இதற்குக் காசும் இல்லை.

---

நீலாங்கரை நீலா

அந்த அறையில மாமியாரும் உக்காரலாமா, இல்ல வெளியவே விட்டுட்டுப் போகணுமா?

---

டாம்பா அத்தை

தாராளமா உக்காரலாம், ஏசி வேற. ஆனா வரிசை முழுக்க உங்ககூட நடந்து வரணும், சில இடத்துல படிக்கட்டு இருக்கும். முட்டி வலி இருந்தா சக்கர நாற்காலி வாடகைக்கு எடுங்க, நுழைவாயில் பக்கத்துலயே கிடைக்கும். காலையில சீக்கிரம் போங்க, மத்தியானம் தீர்ந்துடலாம்.